பொக்கெட் இல்லாத களிசான்

பொக்கெட் இல்லாத களிசானைப் போட்டுக்கொண்டு மனிதன் வீட்டை விட்டு வெளிக்கிடக் கூடாது. சும்மா சொல்லவில்லை, பட்டுத் தெளிந்து சொல்கிறேன்.

சண்டை முடிந்த அந்த வருடம், நாங்கள் புலம்பெயர்ந்து வந்திருந்த விபோர்க் நகரில், எங்கள் வீடுகளில் தொலைக்காட்சி அணைந்ததே இல்லை. என் தங்கை வசந்தியும் அவள் புருஷனும் மகளும் வன்னிக்குள் அகப்பட்டிருந்தார்கள். கன நாளாக ஒரு தகவலும் இல்லை. செய்தி பார்த்தால் நெஞ்சை அடைத்தது. பார்க்காவிட்டால் இன்னும் அடைத்தது. கைக்கு ஒரு வேலை கொடுக்காவிட்டால் விசர் பிடித்துவிடும் என்ற பயத்தில், தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்த யென்ஸின் கூட்டத்தில் போய்ச் சேர்ந்தேன். ரோமர் காலத்து ஜெர்மானிய வீரர்களின் உடுப்பையும் கவசத்தையும் கையாலேயே செய்து போட்டுப் பார்ப்பது அவர்களுடைய பொழுதுபோக்கு. (“விசர் பிடிக்காமல் இருக்க விசரரோட சேருறியளோ?” என்று கேட்டாள் என் மனைவி மலர்.)

ஊரே அழுதுகொண்டிருக்க நான் இரும்பு வளையம் கோத்துக்கொண்டிருந்தேன். குறட்டால் வளைத்து, ஒன்றுக்குள் நாலைக் கொளுவி, சின்ன ஆணி அடித்து இறுக்க வேண்டும். வளையச் சட்டை முடிந்தபோது அரிசி மூட்டைப் பாரம் இருந்தது. கம்பளிக் களிசானையும் நானே தைத்தேன். அந்தக் காலத்து மாதிரியில் அதற்குப் பொக்கெட் கிடையாது. கீழே காலுறையும் சேர்த்தே தைத்திருக்கும்.

வசந்தி முகாமில் இருக்கிறாளாம், சனிக்கிழமை யாரோ ஒருவருடைய போனிலிருந்து என் கைப்போனுக்கு எடுப்பாளாம் என்று ஒருவர் மூலம் செய்தி வந்தது. அதே சனிக்கிழமை எங்கள் கண்காட்சி. வீட்டில் இருந்து போனையே பார்த்துக்கொண்டிருக்க எனக்குத் தைரியம் இல்லை. மலரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டேன்.

“அந்தக் காலத்தில் இல்லாத பொருள் ஒன்றும் கண்ணில் படக்கூடாது” என்றான் யென்ஸ்.

சாரம் கட்டி வளர்ந்தவன் பொக்கெட்டுக்கு அழுவானா? இடுப்பில் மடித்துச் செருகினால் காசும் நிற்கும், பீடியும் நிற்கும். போனையும் அப்படியே களிசானின் இடுப்பில் செருகினேன். மேலே கம்பளிச் சட்டை, அதற்கு மேலே இரும்பு, அதற்கு மேலே தோல்வார்.

சனத்துக்கு முன்னால் ஈட்டியைத் தூக்கினேன். போன் வழுக்கிக் காலுக்குள் இறங்கி, கெண்டைக்காலில் சுற்றிக் கட்டிய துணிப்பட்டியில் சிக்கி நின்றது. நின்றதும் அடித்தது.

குனிந்தேன். இரும்பின் பாரம் என்னைக் குப்புற விழுத்தியது. புரண்டு மல்லாந்தேன், எழும்ப முடியவில்லை. மேலிருந்து கை விட வழியில்லை, கீழிருந்தும் வழியில்லை.

“ஜெர்மானிய வீரன் இப்படித்தான் சாவான்!” என்று யென்ஸ் சனத்துக்கு விளக்கம் கொடுத்தான். சனம் கை தட்டியது.

மலர் ஓடி வந்தாள். “இஞ்சேருங்கோ, போன் எங்க?”

“கால்ல! வச்சிடப் போறாள், அமத்து!”

கம்பளிக்கு மேலால் தடவிப் பொத்தானை அமத்திவிட்டு, என் கெண்டைக்காலில் காதை வைத்தாள் மலர். “வசந்தி! ஓம், நான் அண்ணி... பிள்ளை சுகமாமப்பா!”

படுத்தபடியே அழுதேன். “மச்சான்? மச்சானைக் கேள்!”

மலர் கேட்டாள். பிறகு காதை எடுக்கவே இல்லை. கம்பளி நனைந்து என் காலில் ஈரம் பட்டது.

“அவர் இல்லையாம்” என்றாள்.

சனம் இன்னும் கை தட்டிக்கொண்டிருந்தது. நான் முகத்தைப் புல்லுக்குள் திருப்பிக்கொண்டேன்.

இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்க எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. சில வருடம் கழித்து முதலில் சிரித்தது வசந்திதான். “என்ர மனுசன் போனதை நான் அண்ணையின்ர கெண்டைக்காலுக்கெல்லோ சொன்னனான்!” என்றாள்.

இன்றைக்கும் யாழ்ப்பாணத்திலிருந்து எடுத்தால் அவளுடைய முதல் கேள்வி இதுதான்: “அண்ணை, போனைக் காதிலயோ காலிலயோ வச்சிருக்கிறியள்?”

“காதிலதான்” என்பேன். அவள் சிரிப்பாள். அவள் எவ்வளவு நேரம் சிரித்தாலும் நான் குறுக்கே பேசுவதில்லை.