கெல்ட்டுக்காரர் பேசி முடித்த சம்பந்தம்

இரண்டாயிரத்து முந்நூறு வருடங்களுக்கு முன் டான்யூப் நதிக்கரையில் யார் யாரோடு மல்லுக்கு நின்றார்கள் என்பது யாங்கோன் முழுவதிலும் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். போட்டாதாங் படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கும் எங்கள் கெல்ட்டுக்காரர்.

அட்டை போன ஒரு சரித்திரப் புத்தகம் கையில் சிக்கியதிலிருந்து மனிதர் அப்படி ஆகிவிட்டார். "படகு எப்பண்ணே?" என்று கேட்டால், கெல்ட்டுகள் என்ற பழைய ஐரோப்பியக் கூட்டம் இல்லிரியர்களை விரட்டிய கதையை ஆரம்பிப்பார். கதை பால்கன் மலையைத் தொடும்போது படகு அக்கரையைத் தொட்டிருக்கும்.

மழையில் குடை நீட்டினால் தட்டிவிடுவார். "வானம் இடிஞ்சு விழுந்தாத்தான் பயம்னு மாசிடோனியா ராஜாகிட்டயே சொன்ன கூட்டம் தம்பி. இது வெறும் தண்ணி!" அப்புறம் மூன்று நாள் தும்முவார்.

அவரிடம்தான் போய் அழுதேன். மா கின் என்ற பர்மியப் பெண்ணை நான் கட்டிக்கொள்வதாக இருந்தேன். அப்பா ஒரேயடியாக மறுத்துவிட்டார். "வெளியில கட்டி உருப்பட்ட ஒரு குடும்பத்தைக் காட்டு, பாப்போம்" என்பது அவர் சவால்.

மறுநாளே கெல்ட்டுக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். "ஸ்கோர்டிஸ்கின்னு ஒரு கூட்டம் இருக்குங்க. ரெண்டு ஆறு கூடுற இடத்துல வாசம்."

"நம்ம பசுண்டாங் ஓடைப் பக்கமா?" என்றார் அப்பா.

"இல்லீங்க, கொஞ்சம் தூரம். கிரேக்க தேசத்துக் கோயிலைக் கொள்ளையடிக்கப் போன கெல்ட்டுங்க அவங்க."

கோயில் கமிட்டிக்காரரான அப்பா எழுந்தே விட்டார். "சாமி சொத்துல கை வச்சவன் உருப்படுவானா?"

"உருப்படலீங்க! அடிபட்டுத் திரும்பினாங்க. வந்த இடத்துல இல்லிரியர், திரேசியர்னு அக்கம்பக்கத்துல பொண்ணு எடுத்து, பொண்ணு கொடுத்துக் கலந்தாங்க. அதுக்கப்புறம்தான் உருப்பட்டாங்க. அவங்க கட்டின ஊரு பேரு இப்ப பெல்கிரேட். ஒரு நாட்டுக்கே தலைநகரம்ங்க."

அப்பா மறுபடி உட்கார்ந்தார். "ரெண்டாயிரம் வருஷமா நிக்குதா அந்த ஊரு?" என்று கேட்டார். குரலே மாறியிருந்தது. பிறகு உள்ளே பார்த்து, பெண் வீட்டுக்குப் போகத் தன் வெள்ளைச் சட்டையை எடுக்கும்படி அம்மாவிடம் சொன்னார்.

கெல்ட்டுக்காரரோடு தெருவுக்கு வந்ததும் கேட்டேன். "உங்கம்மாவும் பர்மாக்காரங்கதானேண்ணே? உங்க குடும்பத்தையே காட்டியிருக்கலாமே?"

"எங்கப்பாவை அவரு பொறந்த வீட்டுல கடைசி வரைக்கும் சேக்கலை தம்பி. உங்கப்பாகிட்ட அதைச் சொன்னா காரியம் கெட்டிருக்கும்" என்றார்.

மழை பிடித்துக்கொண்டது. குடையை அவர் தலைக்கு மேல் பிடித்தேன். அன்று மட்டும் அவர் தட்டிவிடவில்லை.