டி.வி.க்கு வைத்த வாழைப்பழம்

தாராவி

மெஞ்ஞானபுரத்தில் இருக்கும் மைத்துனன் ஜெயசிங்குக்கு, அத்தான் யேசுவடியான் கர்த்தருக்குள் சொல்லும் ஸ்தோத்திரம். நானும் உன் அக்காள் ஞானப்பூவும் சுகம். உன் வீட்டார் சுகத்துக்கும் ஜெபிக்கிறோம்.

நிற்க. தீபாவளி ஆஃபரில் நான் ஆசையாக வாங்கிய ஐம்பத்தைந்து இன்ச் டி.வி.யை உனக்கு ரயில் பார்சலில் போட்டுவிட்டேன். எங்கள் அறையில் காலியாக இருந்தது ஒரே சுவர், அதை இதுவே ஸ்டாண்டோடு அடைத்துக்கொண்டது, தூசி படாமலிருக்கப் பகலெல்லாம் கிறிஸ்மஸ் லேஸ் துணியைப் போர்த்தியிருப்பேன். வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபம் எங்கள் முறை. பாஸ்டரும் சபையாரும் இடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது, வேறு பக்கம் திரும்ப இடமில்லாமல் எல்லாரும் டி.வி.யைப் பார்த்தே இருந்தோம். பக்கத்து அறைக்குப் புதிதாகக் குடிவந்த முத்துமாரி எங்களுக்கு டீ கொண்டுவந்தவள், செருப்பைக் கழற்றிவிட்டு லேஸ் துணியைக் கும்பிட்டு, அதன் முன்னால் தட்டில் ஒரு வாழைப்பழத்தையும் வைத்தாள். அது டி.வி. என்று சொன்னேன்.

"உங்க சாமின்னுல்லா நெனச்சேன் அண்ணாச்சி. விடிஞ்சதும் பல்லுகூட வெளக்காம அதத்தான தொடைக்கிய? அக்கா மட்டும் மோரியில நின்னு கும்பிடுதாவ, அதுதான் எனக்கு வெளங்கல."

மோரி என்றால் குளிக்கிற, பாத்திரம் கழுவுகிற மூலை. நான் உன் அக்காளைப் பார்த்தேன். "முழங்கால் போட எடம் எங்க இருக்கு?" என்று மட்டும் சொன்னாள். டீ குடித்து முடித்தும் அந்தப் பழத்தை யாரும் தொடவில்லை. விக்கிரகத்துக்குப் படைத்ததைத் தின்னக்கூடாதாம், பாஸ்டரும் தட்டை நகர்த்திவிட்டார். டி.வி.க்கு வைத்ததுதானே என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது ஜெயசிங்.

மறுநாளே கழற்றினேன். அந்தச் சுவரோரம் உன் அக்காளோடு முழங்கால் போட்டேன். பழக்கம் விட்டுப்போனதில் கால் மடங்கவில்லை, அவள்தான் கையைப் பிடித்து இறக்கினாள். உன் வீடு பெரியது, அங்கே அது வெறும் டி.வி.யாகவே இருக்கும்.

கர்த்தர் உன் வீட்டுக்குக் காவலாயிருப்பாராக.

இப்படிக்கு,
அத்தான் யேசுவடியான்

பி.கு.: பெட்டியைப் படுக்கவைக்காதே. ஈரத்துணியால் தொடாதே. மாட்டியதும் வீடியோ காலில் ஒரு தடவை காட்டு; உன் முகம் வேண்டாம், அது தெரிந்தால் போதும். இப்போதெல்லாம் ஜெபத்தில் கண்ணை மூடினால் அதுதான் முன்னால் வந்து நிற்கிறது. அக்காளிடம் சொல்லிவிடாதே.