பரோல் பேட்டியும் பிரியாணியும்

காலையிலிருந்து நசுருதீனின் பேட்டி அறையை ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை.

சிறையிலேயே ஒரு தொழிலைக் கற்றுக்கொண்டு ஒழுங்காக இருப்பேன் என்று கைதி கையெழுத்துப் போட்டால், சொன்ன தேதியில் பரோலில் விடுவார்கள். அந்த ஒப்பந்தத்தால் பலன் உண்டா என்று, வெளியே வந்தவர்களிடம் கேட்டு எழுதுவது நசுருதீனின் வேலை. அதற்காகவே இர்விங் நகரில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அறை பிடித்திருந்தான். வெள்ளிக்கிழமைக்குள் அறிக்கை போகாவிட்டால் திட்டத்தை மூடிவிடுவார்கள். கூடவே அவன் சீட்டும் கிழிந்துவிடும்.

மனைவி மெஹர் நிஷாவிடம் புலம்பினான்.

"சும்மா கூப்பிட்டா யாருங்க வருவா? பிரியாணி போடறோம்னு மெயில் பண்ணுங்க. நான் செஞ்சு தர்றேன்."

மறுநாள் பிரியாணி தேக்சாவைத் திறந்ததும் மணம் கட்டடம் முழுக்கப் பரவியது. வரிசை வாசலைத் தாண்டியது. ஆய்வு விதிப்படி யாரிடமும் பெயர் கேட்கக் கூடாது. சாப்பிட வந்தவரை யார் எவர் என்று விசாரிப்பது அவன் வளர்ந்த வீட்டிலும் வழக்கமில்லை. தட்டை நீட்டினான், கேள்வியையும் நீட்டினான்.

வந்ததெல்லாம் ஒப்பாரி. பாத்ரூம் போகக்கூட சூப்பர்வைசரைக் கேட்க வேண்டுமாம். தலைக்கு மேல் கேமராவாம். எப்போது விடிவு வருமோ என்று ஒரு பெரியவர் கண் கலங்கினார். ஒப்பந்தம் போட்டவர், போடாதவர் எல்லோருக்கும் ஒரே பாட்டு.

பசியில் பேசுகிறார்களோ என்று அடுத்த நாள் தொட்டுக்கொள்ள தால்ச்சாவும் சேர்த்து, வயிறு நிறைந்த பிறகே கேட்டான். கூட்டம் இரட்டிப்பானது. அழுகையும்தான்.

மேலதிகாரி ஜெபதாஸ் போனில் வந்தார். "ஒருத்தர்கூட நல்லா இருக்கேன்னு சொல்லலையா?"

"இல்ல சார். இன்னும் ஜெயில்லதான் இருக்கேன்னு சொல்றாங்க. கேக்கவே கஷ்டமா இருக்கு."

"அப்ப ப்ரோக்ராம் வேஸ்ட்னு எழுதி அனுப்பிடுங்க."

மனசே இல்லாமல் எழுதி முடித்தான். உள்ளே இன்னும் தேதிக்காகக் காத்திருப்பவர்களை நினைத்தால் அவனுக்கு அழுகை வந்தது. அனுப்பப் போன நேரத்தில், கட்டடத்தின் வரவேற்பில் இருக்கும் நாகர்கோவில் பெண் ரெபெக்கா வந்து நின்றாள்.

"சார், இன்னைக்கு பிரியாணி இல்லையா? மாடியில எங்க கால் சென்டர் ஸ்டாஃப் எல்லாம் கேக்கறாங்க."

"உங்க ஸ்டாஃபா? தினமும் இங்க சாப்பிட்டது அவங்களா?" நசுருதீன் அறிக்கையை அனுப்பாமல் நிறுத்தினான். "அப்ப என் பரோல் ஆளுங்க?"

"அவங்களும் தினம் வந்து என்கிட்ட ரூம் எதுன்னு கேட்டாங்களே சார். கூட்டத்தைப் பாத்துட்டு, வேலைக்கு லேட்டாப் போகக் கூடாதுன்னு ஓடிடறாங்க."