குரோம் அக்காவும் எழுபத்திரண்டு கம்பிகளும்

சாமி கும்பிட்டே ஒரு மோட்டார் சைக்கிளைத் துருப்பிடிக்க வைத்த ஆள் கிள்ளான் வட்டாரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதுவும் சொந்த மோட்டார் இல்லை, மாமனாருடையது. இவ்வளவு மடத்தனம் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பது அபூர்வம் என்று என் மனைவியே சான்றிதழ் கொடுத்துவிட்டாள். ஆகவே இதில் நான் அடக்கம் காட்டப் போவதில்லை.

அந்த மடத்தனத்தின் பலனாக எனக்குக் கிடைத்த அறிமுகம்தான் குரோம் அக்கா. உலகத்தில் எல்லா இரும்பும் துருவுக்குப் பயப்படும். துரு பயப்படுவது குரோம் அக்கா ஒருவருக்குத்தான்.

கிள்ளானை அடுத்த மேரு பக்கம் பேக்டரி பஸ் ஓட்டுகிறவர் அவர். காலை ஷிப்டுக்குப் பெண்களை இறக்கிவிட்டால் மதியம் வரை ஓய்வு. அந்த ஓய்வில் மற்றவர்கள் தூங்குவார்கள், துணி துவைப்பார்கள். அக்கா ஊராரை அவரவர் மோட்டாரின் சக்கரக் கம்பிகளைத் துலக்க வைப்பார். அடையாள அட்டையில் அவருக்கு ஒரு பெயர் இருக்கத்தான் வேண்டும். அதைப் பார்த்தவர்கள் யாரையும் நான் சந்தித்ததில்லை.

சிவப்பு விளக்கில் அவர் பஸ்ஸுக்குப் பக்கத்தில் துருப்பிடித்த கம்பிச் சக்கரத்தோடு யாராவது நின்றால் தொலைந்தார்கள். ஜன்னலைத் திறந்து, "தம்பி! பின் சக்கரத்தப் பாத்தியா? வெக்கமா இல்ல?" என்பார். உடனே பஸ்ஸில் இருக்கும் முப்பது பெண்களும் ஒரே குரலில் "வெக்கமா இல்ல?" என்பார்கள். விளக்கு பச்சையாவதற்குள் அந்த ஆளின் முகம் சிவந்துவிடும்.

ஒருமுறை துக்க வீட்டுக்குப் போன அக்கா, வாசலில் நின்ற மோட்டார்களையெல்லாம் குனிந்து குனிந்து பார்த்துவிட்டு உள்ளே போய், இறந்தவரின் மகன் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா போய்ட்டாரு, நம்ம கையில இல்ல. அவரு மோட்டாரும் போய்க்கிட்டிருக்கு. அது உன் கையில இருக்குப்பா" என்றாராம். அழுதுகொண்டிருந்தவன் எழுந்து போய் ஒரு துணி எடுத்து வந்தானாம். இதை எனக்குச் சொன்னவர் எங்கள் பக்கத்து டயர் கடைக்காரர். அவர் பாதியைக் கூட்டியிருக்கலாம். மீதிப் பாதியே போதும்.

இனி என் கதை. என் மாமனாருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தது ஒரு பழைய ஜப்பான் மோட்டார். இளையதை எனக்குக் கட்டிக் கொடுத்தார். போன ஆண்டு காசி, ராமேஸ்வரம் என்று மூன்று வாரம் கிளம்பியவர், விமான நிலையத்தில் வைத்து மூத்ததின் சாவியை என்னிடம் தந்தார்.

"மாப்ள, ஓட்ட வேணாம். தெனமும் ரெண்டு நிமிசம் ஸ்டார்ட் பண்ணி வுடுங்க. ஒரு தொட தொடச்சு வைங்க. அவ்ளோதான்."

அவ்வளவுதான் என்றால் அவ்வளவுதான் என்று இருக்கத் தெரியாத பிறவி நான். நடுவில் ஆயுத பூஜை வந்தது. மாமா ஊரில் இல்லாத குறை தெரியக் கூடாது என்று மோட்டாரைக் கோயிலுக்கு ஓட்டிப் போனேன். பூசாரி டேங்க்கில் ஒரு பொட்டு வைத்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். எனக்கு அது பற்றவில்லை. நானே உட்கார்ந்து முன்னும் பின்னுமாக எழுபத்திரண்டு கம்பிகளுக்கும் சந்தனம் பூசினேன். எலுமிச்சம்பழத்தை ரிம்மிலேயே பிழிந்தேன். இரண்டு சக்கரத்துக்கும் தேங்காய்த் தண்ணீர், பிறகு பால். திரும்பி வரும் வழியில் மழை. வீட்டுக்கு வந்ததும் துணியை எடுத்தேன்.

"பூஜ போட்டத யாராச்சும் ஒடனே தொடைப்பாங்களா?" என்றாள் மனைவி.

நியாயம்தானே என்று ஈரத்தோடு பிளாஸ்டிக் கன்வாஸ் போட்டு இறுக்கிக் கட்டினேன். ஐந்து நாள் கழித்துத் திறந்தால் இரண்டு சக்கரமும் செம்பருத்திச் செடி மாதிரி நின்றன.

அன்றைக்கென்று மாமாவிடமிருந்து வாட்ஸ்அப். "மோட்டார் எப்படி? படம் அனுப்பவும்." டேங்க்கை மட்டும் படமெடுத்து அனுப்பினேன். "சக்கரம்?" என்று வந்தது. சீட்டை அனுப்பினேன்.

நண்பர்கள் குழுவில் கேட்டதில் ஒருவர் கோலா ஊற்றச் சொன்னார். ஊற்றினேன். கழுவச் சொல்லவில்லை, ஆகவே கழுவவில்லை. மறுநாள் துருவோடு எறும்பும் வந்து சேர்ந்தது. மாமா வர இன்னும் ஆறு நாள். ஆபீசில் குடும்ப அவசரம் என்று லீவு சொல்லிவிட்டு, டயர் கடைக்காரர் காட்டிய வழியில் மோட்டாரை ஒரு லோரியில் ஏற்றி மேருவுக்குக் கொண்டு போனேன்.

அக்கா வீட்டு வாசல் போர்ச்சில் அவருடைய மோட்டார் நின்றது. அதுவும் மாமாவுடையதைப் போலவே, அதே அளவுச் சக்கரம். சிமெண்டு ஈரம் ஏறாமல் இருக்கப் பலகை மேல் ஏற்றி, பிளாஸ்டிக் இல்லாமல் பருத்திப் போர்வை போர்த்தியிருந்தது. நான் என் பிள்ளைகளை அவ்வளவு பத்திரமாகத் தூங்க வைத்ததில்லை.

அக்கா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. குனிந்து சக்கரத்தை மோந்தார்.

"எலுமிச்சம்பழம்."

"ஆமாக்கா."

"தேங்காத் தண்ணி. இது என்னா, பாலா?"

"கொஞ்சமாத்தான்கா."

"இந்த எறும்பு?"

"கோலா."

அப்போதுதான் நிமிர்ந்தார். "மோட்டாருக்குப் பூஜ போட்டியா, பாயாசம் வெச்சியாடா? நானுந்தான் வருசா வருசம் கோயிலுக்கு ஓட்டிட்டுப் போறேன். சக்கரத்துக்குச் சோறு மூடுற பிளாஸ்டிக்க சுத்திட்டுத்தான் போவேன். சாமிக்கு டேங்க் போதும்லா!"

அவருடைய சட்டம் ஒன்றுதான்: துருப்பிடிக்க வைத்தவன்தான் தேய்க்க வேண்டும். நாசி லெமாக் சோறு, தோசை கட்டி வந்த அலுமினியத் தாளையெல்லாம் கழுவிக் காய வைத்து ஒரு டின் நிறைய வைத்திருந்தார். அதைக் கசக்கித் தண்ணீரில் தொட்டு ஒவ்வொரு கம்பியாகத் தேய்க்க வேண்டும். "மெதுவா! இரும்புப் பஞ்சு போட்டேன்னா குரோம் பூச்சும் சேந்து போயிரும். துருவ மட்டுந்தான் கழுவணும், கம்பியோட பரம்பரையையே இல்ல." பிறகு பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் கம்பி ரிம்மில் சேரும் மூலை. கழுவல். துடைப்பு. உலர்த்தல். கடைசியில் காருக்குப் போடும் மெழுகு. எண்ணெய் தடவலாமா என்று கேட்டேன். "தடவு. பிரேக்ல பட்டா நேரா சாமிகிட்டயே போய்ப் பூஜ போடலாம்."

நான்கு காலை உட்கார்ந்து தேய்த்தேன். முதுகு கொக்கியாகிவிட்டது. அக்கா கோப்பிக் குவளையோடு வந்து, முடித்த கம்பிகளைக் கரண்டியால் தட்டுவார். டிங் என்றால் அடுத்தது. டிங், டிங், டிங் என்று போய், பின் சக்கரத்தில் ஒரு கம்பி மட்டும் டொக் என்றது.

அக்கா குவளையைக் கீழே வைத்தார். அந்தக் கம்பியில் துரு குழி பறித்திருந்தது. அது இன்று நேற்று வந்ததில்லை, என் பூஜை வெறும் திறப்பு விழாதான் என்றார். எனக்கு ஓர் அபாரமான யோசனை தோன்றியது.

"அக்கா, சில்வர் பெயிண்ட் அடிச்சிட்டா? மாமாவுக்குத் தெரியவே தெரியாது."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை.

"பெயிண்ட்டுக்கு உள்ளார துரு உக்காந்து தின்னுக்கிட்டே இருக்கும். இது ஒடஞ்சா பக்கத்துக் கம்பிக்கு பாரம் ஏறும், அப்பறம் அதும் ஒடயும். மேல உக்காந்து பாசாருக்குப் போறது யாரு, நீயா?"

மாமாவுக்கு எழுபத்தொரு வயது. தினமும் காலையில் அந்த மோட்டாரில்தான் பாசாருக்குக் காய்கறி வாங்கப் போவார். அதுவரை எனக்கு இருந்த பயம் மாமாவைப் பற்றியது. அந்த நிமிஷத்திலிருந்து மாமாவுக்கான பயமாக மாறியது.

கிள்ளானிலிருந்து சுங்கை பூலோ வரை கடை கடையாக ஏறி இறங்கினேன். அந்த அளவுக் கம்பி எங்கும் இல்லை. ஆர்டர் போட்டால் மூன்று வாரம் என்றார்கள். மாமா வர ஒரு நாள்தான் இருந்தது. அக்காவிடம் போய்ச் சொன்னேன். "காலைல வா" என்றார்.

மறுநாள் செய்தித்தாள் மேல் ஒரு கம்பி பளபளவென்று கிடந்தது. "பழைய டின்ல இருந்துச்சு" என்றார். டயரைக் கழற்றி அவரே மாட்டினார். சக்கரத்தைச் சுழற்றி, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, முறுக்கி, மறுபடி சுழற்றினார். கரண்டியால் தட்டினார். டிங்.

மதியம் திரும்பி ஓட்டி வரும்போது சிவப்பு விளக்கில் அக்காவின் பஸ் வந்து பக்கத்தில் நின்றது. முப்பது பெண்களும் என் சக்கரத்தைப் பார்த்தார்கள். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு அதுதான்.

மாமா வந்ததும் பையைக்கூட இறக்காமல் மோட்டாரிடம் போனார். என் கையிலிருந்த கார் சாவியை வாங்கிக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே சுற்றி வந்து, ஓரிடத்தில் நின்றார்.

"மாப்ள, இந்தக் கம்பி நம்மளோடது இல்லியே."

பால், எலுமிச்சை, எறும்பு, அக்கா மாட்டித் தந்த கம்பி எல்லாவற்றையும் ஒப்பித்தேன். பெயிண்ட் யோசனையைக்கூட விடவில்லை. மாமா திட்டவில்லை. பையைத் திறந்து காசியிலிருந்து கொண்டுவந்த கங்கைத் தீர்த்தச் செம்பு ஒன்றை எடுத்து, "அந்தப் புள்ளகிட்ட நீங்களே கொண்டு போய்க் குடுங்க" என்றார்.

கொண்டு போனேன். அக்கா செம்பை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "பரவால்லயே, இத மோட்டார்ல ஊத்தாம கொண்டாந்துட்டியே" என்றார். சிரித்துக்கொண்டே திரும்பியபோது போர்ச்சில் நின்ற அவருடைய மோட்டார் கண்ணில் பட்டது. போர்வை காற்றில் ஒதுங்கியிருந்தது. பின் சக்கரத்தில் ஒரு கம்பிக்கான இடம் காலியாக இருந்தது. கைப்பிடியில் "ஓட்டாதே" என்று எழுதிய அட்டை தொங்கியது. பழைய டின் எது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"அக்கா, உங்க கம்பியவா கழட்டிக் குடுத்தீங்க? நீங்க எதுல போவீங்க?"

"எனக்கு பஸ் இருக்குலா."