பாராங் அங்கிளும் ஜாமீன் கிடைக்காத மாமரமும்

ஜொகூர் மாநிலத்திலேயே பாராங் கத்தியை அதிகம் தீட்டியவர் யார் என்று ஒரு போட்டி வைத்தால், முதல் பரிசு எங்கள் பாராங் அங்கிளுக்குத்தான். அந்தக் கத்தியால் எதையுமே வெட்டாதவர் யார் என்று இன்னொரு போட்டி வைத்தால், அதிலும் அவரேதான். முருங்கைக் கீரையைக் கையால் உருவுவார். பயத்தங்காயை நகவெட்டியால் கிள்ளுவார். வாழைத்தார் இறக்க வேண்டிய நாளில் பக்கத்து வீட்டுக்காரரை அழைத்துவிட்டு, இவர் உள்ளே போய் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்வார்.

பிறகு கத்தி எதற்கு? மிரட்டுவதற்கு.

கூலாயிலிருந்து செடெனாக் போகிற வழியில் அவர் வீடு. சிங்கப்பூரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் எனக்குப் பரிசோதனைப் பிரிவில் வேலை. தினமும் கம்பெனி பேருந்தில் பாலத்தைக் கடந்து போய் வருவேன். வாடகைக்கு அறை பார்க்க அங்கே போன முதல் நாள், வீட்டின் பின்பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"என்ன நெனச்சிக்கிட்டு இருக்க நீ? மூணு வேள தண்ணி. மாசாமாசம் உரம். உன்கூட வந்தவ அடுத்த வீட்டுல எப்படி இருக்கா, போய்ப் பாரு!"

குடும்பச் சண்டை நடக்கும் வீட்டில் குடியிருக்கக் கூடாது என்பது என் பட்டியலில் இருந்த விதி. திரும்பி நடந்தேன். வேலிச் சந்து வழியாகப் பார்த்தபோதுதான், திட்டு வாங்குவது ஓர் எலுமிச்சைச் செடி என்று தெரிந்தது. கையில் பாராங்கை வைத்துக்கொண்டு நின்றவர் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"ரூமு பாக்க வந்தியா? நல்ல நேரத்துல வந்த. கொஞ்சம் கெஞ்சு."

காய்க்காத மரத்தைக் கத்தியோடு ஒருவர் மிரட்டுவதும், மரத்துக்காக இன்னொருவர் கெஞ்சி ஜாமீன் வாங்குவதும் நம்மவர்களில் சிலர் செய்வதுதான். அவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை செய்வார்கள். அங்கிள் சனிக்கிழமைதோறும் செய்தார். கெஞ்சும் பொறுப்பு முதலில் அவர் மனைவியுடையது. பேரப்பிள்ளையைப் பார்க்க ஈப்போ போன அந்த அம்மா, பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கியும் திரும்பவில்லை. ஒருமுறை தொலைபேசியில் என்னிடம் சொன்னார்: "அந்த மரங்களுக்கு நான் கெஞ்சின கெஞ்சுக்கு ஒரு சங்கிலி கேட்டிருந்தா கெடச்சிருக்கும்மா."

ஆகவே கெஞ்சுவது வாடகைக்கு இருப்பவர்களின் கடமையாயிற்று. தண்ணீர்க் கட்டணம், வாசல் விளக்கு, குப்பை நாள் என்று அவர் சொன்ன நிபந்தனைகளை வரிசையாகக் குறித்துக்கொண்டு, கடைசியில் 'கெஞ்சல்' என்றும் எழுதினேன். அதைப் பார்த்தவர் அன்றே எனக்குக் கிராணியம்மா என்று பெயர் வைத்துவிட்டார். காஹாங் பக்கத்து எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் குலை லாரி ஓட்டியவர். தோட்ட ஆபீஸில் கணக்கு எழுதுகிறவரைக் கிராணி என்பார்கள்; அவருக்கு எழுதுகிற எல்லாருமே கிராணிதான்.

எனக்குக் கெஞ்ச வரவில்லை.

"அங்கிள், இலை மஞ்சளா இருக்கு. மெக்னீசியம் குறைவுன்னு நெனக்கிறேன். அதச் சரிபண்ணிப் பாத்துட்டு முடிவெடுக்கலாம்."

"கெஞ்சச் சொன்னா ரிப்போர்ட் வாசிக்கிற! மரத்துக்கு உன் மேல நம்பிக்கை வர வேணாமா? அழுற மாதிரி சொல்லு லா."

சொன்னேன். அழுகிற மாதிரி வரவில்லை, சளி பிடித்த மாதிரி வந்தது. ஆனாலும் எலுமிச்சை அந்தப் பருவம் கொத்துக் கொத்தாகக் காய்த்தது. நான் போட்ட மெக்னீசியம் உப்பால்தான் என்று நானும், வெட்கத்தால்தான் என்று அவரும் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

கத்தரிக்கும் பாகலுக்கும் மட்டும் மிரட்டல் கிடையாது. "அதுங்க பச்சப் புள்ளைங்க. பயந்துக்கும்" என்பார். பாகற்கொடிப் பக்கம் போகும்போது பாராங்கை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்வார். நான் சிரிக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

வாசல் மாமரம்தான் அவருக்குப் பெரிய தலைவலி. ஐந்து வருஷமாகப் பூக்கும், கொட்டும், காய்க்காது. திட்டிய திட்டுக்கெல்லாம் இன்னும் தழைத்தது. தினமும் காலையில் அதன் கீழே நாற்காலி போட்டுத்தான் கோப்பி குடிப்பார். உதிர்ந்த இலைகளெல்லாம் நேராகப் பக்கத்து வீட்டுக் கால்வாயில் போய் விழும். அந்த வீட்டுச் சீனரை நாங்கள் தவுக்கே, அதாவது முதலாளி, என்போம். இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். வாழைத்தார் இறக்கித் தருபவரும் அவர்தான், அந்த இலைகளைப் பற்றித் தினமும் புலம்புபவரும் அவர்தான்.

ஒரு சனிக்கிழமை மாலை, பள்ளி விடுமுறை தொடங்கியிருந்ததால், வேலை முடிந்து திரும்பிய பேருந்து பாலத்தில் நகராமல் நின்றது. எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். என் போன் அடித்தது.

"கிராணியம்மா! எங்க இருக்க?"

"பாலத்துல மாட்டிக்கிட்டேன் அங்கிள். ஏன் இப்படி மூச்சு வாங்குது?"

"கத்திய ஓங்கிட்டேன்."

"ஐயோ, யார் மேல?"

"மாமரத்து மேல. வாசல்ல உன் செருப்பு கெடந்துச்சு. நீ உள்ள இருக்கேன்னு நெனச்சி ஆரம்பிச்சிட்டேன். இன்னிக்கு உன்ன வெட்டாம விடமாட்டேன்னு சொல்லிட்டேன். யாரும் வரல."

காலையில் நான் செருப்பை விட்டுவிட்டுச் சப்பாத்து போட்டுக்கொண்டு போனதை அவர் பார்க்கவில்லை.

"சரி, கத்திய எறக்குங்க."

"கெஞ்சாம எப்படி எறக்குறது? மத்த மரமெல்லாம் பாத்துக்கிட்டு இருக்கு!"

"தவுக்கேய கூப்பிட்டுக் கெஞ்சச் சொல்லுங்க."

"கூப்பிட்டேன். அதான் இப்ப பெரிய பிரச்சனையே."

நடந்தது இதுதான். வேலிக்கு மேல் எட்டிப் பார்த்த தவுக்கே, "வெட்டப் போறியா?" என்று மலாயில் கேட்டிருக்கிறார். மரத்தின் எதிரிலேயே இல்லையென்று சொல்ல அங்கிளுக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. "ஆமா" என்றிருக்கிறார். "பாகுஸ் லா! நல்ல முடிவு!" என்று மகிழ்ந்த தவுக்கே, ஒரு வாழைத்தாரைக்கூட இறக்கத் தெரியாத மனுஷனாயிற்றே என்று இரக்கப்பட்டு, கடையிலிருந்து இயந்திர ரம்பம் எடுத்துவரப் போய்விட்டார்.

போனில் ஏதோ உறுமியது.

"அதென்ன சத்தம் அங்கிள்?"

"வந்துட்டான். ஸ்டார்ட் பண்றான்." குரல் உடைந்தது. "எனக்குத் தடுக்க வாய் வரல கிராணியம்மா."

வழக்கம்போல் என் மூளை பட்டியல் போட்டது. ஒன்று, மரமும் தவுக்கேயும் சேர்ந்து கேட்கும்படி நான் கத்த வேண்டும். இரண்டு, பேருந்தே தூங்குகிறது. இரண்டாவதை அடித்துவிட்டு எழுந்து நின்றேன்.

"ஸ்பீக்கர்ல போடுங்க! வேணாம் அங்கிள்! அவள விட்டுருங்க! வெட்டாதீங்க! எனக்காக இந்த ஒரு தடவ விட்டுருங்க!"

பேருந்தில் இருந்த எல்லாரும் கண் விழித்தார்கள். ஓட்டுநர் வானொலியை நிறுத்தினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேக்கிங் பிரிவு அக்கா என் கையைப் பிடித்தார்.

"போலீசுக்குப் போன் போடவா?"

"மாமரம்க்கா. அஞ்சு வருஷமா காய்க்கல."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "அதுக்கு இப்படியா கெஞ்சுவாங்க? குடு இங்க!" என்று போனைப் பிடுங்கினார். "அண்ணே! பச்சப் புள்ளண்ணே அது! இவ்ளோ நாள் பொறுத்தீங்க, இன்னும் ஒரு வருஷம் பொறுக்கக் கூடாதா? அது காய்க்கலன்னா என்னக் கேளுங்க, நான் ஜாமீன்!" அப்படியே மலாய்க்கு மாறினார். "தவுக்கே, ஜாங்ஙான் லா! வெட்டாதீங்க! கெசியான், பாவம்!"

யாருக்கு என்ன ஆபத்து என்று தெரியாமலேயே பின்னிருக்கை மலாய்ப் பையன்களும் "கெசியான்! கெசியான்!" என்று சேர்ந்துகொண்டார்கள்.

உறுமல் நின்றது. நாங்கள் எல்லாரும் அந்தச் சின்னப் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அங்கிளின் குரல், மரத்தைப் பார்த்துச் சொன்னது: "இத்தன பேரு கேக்குறாங்களேன்னு விடுறேன். பொழச்சிப் போ."

கத்தி மண்ணில் விழுந்த சத்தம் கேட்டது. பேருந்தே கைதட்டியது.

வீட்டுக்கு வந்தபோது அவர் மாமரத்தடியில் வலது தோளில் தைலம் தேய்த்தபடி உட்கார்ந்திருந்தார். இடது கையால் கோப்பி குடித்தார். ஏமாந்துபோன தவுக்கேயைச் சமாதானப்படுத்த ஒரு பை நிறையப் பாகற்காய் போயிருந்தது.

"நான் போன எடுக்கலன்னா என்ன பண்ணியிருப்பீங்க?" என்றேன்.

கோப்பிக் குவளையை மரத்தடியில் வைத்தார். "நீ எடுப்ப" என்றார்.

மரம் காய்த்ததா என்று கேட்பீர்கள். காய்த்தது. வாயில் வைக்க முடியாத புளிப்பு. தவுக்கே மட்டும் அதை உப்பு மிளகாய் தொட்டு ஒரு கை பார்த்தார். அதன்பின் கால்வாய் இலைகளைப் பற்றி அவர் பேசவேயில்லை. நான் ஜொகூர் பாரு அடுக்குமாடிக்கு மாறி வந்ததும், கெஞ்சும் வேலையையும் தவுக்கேயே எடுத்துக்கொண்டார். மலாயில் கெஞ்சுகிறாராம். மரங்களுக்குப் புரிகிறதாம். என்னைவிட நன்றாகச் செய்கிறார் என்று அங்கிள் சொல்லிவிட்டார்.

எனக்கும் நிம்மதிதான். ஆனால் தவுக்கேக்குக் காய்ச்சல் வரலாம். கடையில் கூட்டம் இருக்கலாம். பேருந்தில் ஏறியதும் போனை மௌனமாக்கிவிட்டுத் தூங்குவது என் வழக்கம். அந்த மாமரச் சனிக்கிழமையன்று மட்டும் ஏதோ மறந்திருந்தேன். இப்போது சனிக்கிழமை மாலைகளில், எந்தக் கூட்டத்தில் இருந்தாலும், யார் முறைத்தாலும், என் போன் மேசை மேல் முழுச் சத்தத்தில்தான் இருக்கிறது.