முக்கால் வாடகையும் முழு இருமலும்

மன்னாரில் மீன் வாங்கிப் பழகியவளுக்கு எந்தப் பொருளையும் பார்த்தவுடன் "நல்லாயிருக்கு" என்று சொல்ல வாய் வராது. செவுளைத் தூக்கிப் பார்த்து, "கண் வெளிறிப் போச்சு, இதை ஆர் வாங்குவினம்?" என்று முகத்தைச் சுளித்தால்தான் விலை இறங்கும். முகத்தைச் சுளித்துக்கொண்டே அந்த மீனைத்தான் வாங்கி வருவோம். இது குற்றமென்றால் எங்கள் ஊரில் பாதிப் பேரை உள்ளே தள்ள வேண்டும். ஆகவே நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நியூசிலாந்தில், ஆக்லண்டின் பாபடோயிட்டோய் வீட்டு விஷயத்தில் நான் செய்ததும் இதைத்தான். கொஞ்சம் அளவு தப்பிவிட்டது, அவ்வளவுதான்.

அப்போது நாங்கள் வாடகைக்கு இருந்தது, ஒரே கூரையின் கீழ் நடுவில் சுவர் வைத்துப் பிரித்த இரட்டை வீடு. ஒரு பாதியில் நான், கணவர் அன்டன், பத்து வயது மகள் ஷெரின். மறுபாதியில் யாழ்ப்பாணத்து ராசன் அண்ணையும் அவர் மனைவி வசந்தி அக்காவும். ஆண்கள் இருவருக்கும் விமான நிலையத்தில் சரக்கு ஏற்றும் வேலை. எனக்கு முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை. நடுச்சுவர் மெல்லியது. அங்கே மிளகாய் வறுத்தால் இங்கே ஷெரின் தும்முவாள்.

ஒருநாள் வீட்டுக்காரக் கிழவர் இரண்டு பாதிகளையும் சேர்த்து விற்கப் போவதாகச் செய்தி அனுப்பினார். வாங்குகிறவர் எங்களை எழுப்பி அனுப்பிவிட்டு, இடித்துக் கட்டலாம். ஷெரினின் பள்ளிக்கூடம் தெருமுனையில். ராசன் அண்ணைக்குக் கார் ஓட்ட முடியாத அளவுக்கு ஒரு கண்ணில் பார்வை குறைவு, அன்டன்தான் வேலைக்கு ஏற்றிப் போவார். வசந்தி அக்கா அன்று சமைக்கவில்லை. (அவர் சமைக்காத நாள் என்றால் நிலைமையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.)

"நாங்களே வாங்கினா என்ன?" என்று கேட்டது நான்தான்.

அன்டன் தேத்தண்ணியைக் கீழே வைத்தார். "உமக்கு என்ன விசரே?"

"ஒரு பாதியிலை நாங்கள் இருப்பம். மற்றப் பாதி வாடகையிலை கடனைக் கட்டுவம். அண்ணையாக்களும் போகத் தேவையில்லை."

மூன்று நாள் அவர் ஒன்றும் பேசவில்லை. எங்கள் வீட்டில் அதற்குச் சம்மதம் என்று பொருள்.

வாங்குவதென்று முடிவானதும் என் மீன்கடை மூளை வேலை செய்யத் தொடங்கியது. விலை இறங்க வேண்டும். அதற்கு வீடு கூடாத வீடாக வேண்டும். எல்லோரையும் எங்கள் குசினியில் கூட்டி வைத்துக் கட்டளை போட்டேன்.

"இனி ஆர் வந்து வீட்டைப் பாத்தாலும் ஒரு நல்ல சொல்லும் வாயிலை வரக்கூடாது. விளங்குதோ? குறை, குறை, குறை மட்டும்தான்."

"ஓம் தங்கச்சி," என்றார் ராசன் அண்ணை. மனிதர் ஊரில் முப்பது வருடம் கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை செய்தவர். மேலிடத்து உத்தரவு என்றால் எழுத்துப் பிசகாமல் செய்வார்.

"ரூல் என்னண்டா, பேட் ஹவுஸ், ரைட்?" என்றாள் ஷெரின்.

"ஓம். பேட் ஹவுஸ்."

விற்கும் ஏஜன்ட் நீலக் கோட்டுடன் வந்தபோதெல்லாம் எங்கள் நாடகம் அரங்கேறியது. குளியலறைப் பூஞ்சை, மூடாத யன்னல், தலைக்கு மேல் போகும் விமானம் என்று நான் அடுக்கிக்கொண்டே போவேன். ராசன் அண்ணை பக்கத்தில் நின்று இருமுவார். சும்மா சொல்லக்கூடாது, அற்புதமான இருமல். நர்ஸான எனக்கே ஒருமுறை மார்பைச் சோதிக்க வேண்டும் போலிருந்தது.

இதற்கிடையில் கடனுக்காக நகரின் சான்ட்ரிங்ஹாம் பகுதியில் கார்த்திக் என்ற தம்பியைப் போய்ப் பார்த்தோம். மதுரைப் பிள்ளை, வீட்டுக் கடன் எடுத்துக் கொடுக்கும் தொழில். தோசைக் கடையில் உட்கார்ந்து, மடிக்கணினியைத் திறந்துவைத்துச் சொன்னார்:

"அக்கா, வாடகை வருதுன்னு நாம சொல்லலாம். ஆனா அந்த வாடகையை வச்சு நீங்க கடனைத் தாங்குவீங்களான்னு பேங்க் ஒரு டெஸ்ட் வைக்கும். அதுல முழு வாடகையையும் எடுத்துக்க மாட்டாங்க. இந்த பேங்க் நாலுல மூணு பங்குதான் எடுக்கும்."

"மற்றப் பங்கு எங்கை போகுது?"

"எங்கயும் போகல அக்கா. வீடு சில வாரம் காலியா கிடக்கலாம், ரிப்பேர் வரலாம், அதுக்காகக் கழிக்கறாங்க."

"தம்பி, நான் அந்த வீட்டிலை ஏழு வருசமா இருக்கிறன். ஒரு கிழமையாவது காலியாக் கிடந்ததே? ஒரு ரிப்பேராவது கிழவர் செய்தவரே? நான் கட்டேக்கை முழு வாடகை. எனக்கு வரேக்கை முக்கால் வாடகையோ?"

கார்த்திக் சட்னியைப் பார்த்தார். பிறகு இன்னொரு குண்டையும் போட்டார். வட்டி இப்போது இருக்கிற விகிதத்தில் அல்ல, அதைவிடக் கூடிய ஒரு விகிதத்தில் கட்டுவதாக வைத்துத்தான் கணக்குப் பார்ப்பார்களாம். வருவதைக் குறைத்துப் பார்ப்பார்களாம், போவதைக் கூட்டிப் பார்ப்பார்களாம். இதையே நான் மீன்கடையில் செய்தால் பேராசைக்காரி. வங்கி செய்தால் அதற்குப் பெயர் எச்சரிக்கை. (இன்றைக்கும் இதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.)

"கோபப்படாதீங்க அக்கா. உங்க அண்ணன் இப்ப கொடுக்கறது ரொம்பப் பழைய வாடகை. இன்னைக்கு மார்க்கெட்ல என்ன போகும்னு வாடகை மேனேஜர் ஒருத்தங்க வந்து பார்த்து லெட்டர் கொடுப்பாங்க. அந்தத் தொகை நல்லா இருந்தா டெஸ்ட் பாஸ். அவங்க வர்றப்ப வீடு பளிச்சுனு இருக்கணும்."

ராசன் அண்ணையும் கொஞ்சம் கூட்டித் தருவதாக ஒத்துக்கொண்டார். எல்லாம் சரி. அந்த மேனேஜர் வருகிற நாளில் எனக்குக் காலை வேலை. "பின்னேரம் வாறாவாம், அதுக்குள்ளை வந்திடுவன். அண்ணையிட்டைச் சொல்லிவையுங்கோ," என்று அன்டனிடம் சொல்லிவிட்டுப் போனேன்.

அன்டன் சொன்னார். பொய் சொல்லக்கூடாது, சொன்னார். என்ன சொன்னார்? "இண்டைக்கு ஒரு மனிசி வீடு பாக்க வாறா." அவ்வளவுதான். வந்திருப்பவர் விலையை இறக்க வேண்டியவரா, வாடகையை ஏற்ற வேண்டியவரா என்ற சின்ன விஷயத்தை விட்டுவிட்டார். (இதற்காக அவரை நான் மன்னித்துவிட்டேன் என்று வெளியில் சொல்லிக்கொள்கிறேன்.)

அந்தப் பெண்மணி சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். நான் நெடுஞ்சாலை நெரிசலில் இருந்து தப்பி வந்து சேர்ந்தபோது, ராசன் அண்ணை வீட்டு வாசலில் ஒரு கார் நின்றது. உள்ளே இருந்து இருமல் கேட்டது.

ஓடினேன். மாசி மாதம், இங்கே கோடை, நல்ல வெயில். ராசன் அண்ணை குளிர்கால ஜாக்கெட், மஃப்ளர், கம்பளிக் காலுறையோடு கூடத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். அவர் காலடியில் ஒரு வாளி. அண்ணாந்து பார்த்தேன். எங்கள் கூரையில் நான் அறிந்து ஒரு சொட்டு ஒழுகியதில்லை. வாளி, அண்ணையின் சொந்தச் சரக்கு. அதற்குள் கொஞ்சம் தண்ணீரும் ஊற்றி வைத்திருந்தார். வாடகை மேனேஜர் பெண்மணி, ஏஜன்டைப் போலவே நீலக் கோட்டில் நின்று, எழுதிக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தது யார்? என் வயிற்றில் பிறந்தது.

"ராசன் மாமா சேஸ் தி வால் இஸ் க்ரையிங்," என்றாள் ஷெரின். அண்ணை சுவர் அழுகிறது என்று சொன்னாராம். பிறகு தன் பங்குக்கு, "ஆல்ஸோ ரட்ஸ். பிக் ரட்ஸ்," என்றாள். (எலியாவது, பூனையாவது. பக்கத்து வீட்டாரின் கினிப் பன்றி ஒருமுறை வேலி தாண்டி வந்தது.)

நான் பாய்ந்து உள்ளே போய், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டினேன். அழகான வீடு, நல்ல வெளிச்சம், பள்ளிக்கூடம் பக்கம், அண்ணை சும்மா பகிடிக்குச் சொல்கிறார்.

"இவருக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார் அந்தப் பெண்மணி.

"இல்லை, நல்ல சுகம். இருமுவது இவருக்குப் பிடிக்கும்."

"கூரை ஒழுகுகிறதா?"

"இல்லை" என்று நானும் "ஓம்" என்று அண்ணையும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

"அப்படியானால் இந்த வாளி?"

"செடிக்கு," என்றேன். வீட்டுக்குள் ஒரு செடி இல்லை.

நான் அண்ணைக்குக் கண்ணைக் காட்டினேன். அவர் அதை, இன்னும் போதாது என்கிறாள் என்று எடுத்துக்கொண்டார். சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் இருமிய அந்தக் கடைசி இருமலின்போது தலைக்கு மேல் ஒரு விமானமும் தாழப் போனது. ஆக்லண்ட் முழுவதும் அன்றைக்கு எனக்கு எதிராகத்தான் வேலை செய்தது.

பெண்மணி போனதும் நான் கத்தினேன். "அண்ணை! அவ வாடகை சொல்ல வந்தவ! வீடு நல்லதெண்டெல்லோ சொல்லோணும்!"

அவர் மஃப்ளரைக் கழற்றினார். "நீர்தானே தங்கச்சி சொன்னனீர், ஆர் வந்தாலும் எண்டு."

சொன்னது நான்தானே.

கடிதம் வந்தது. வாடகை, கார்த்திக் எதிர்பார்த்ததைவிட எவ்வளவோ கீழே. அதிலும் முக்கால் பங்கு. தொலைபேசியில் தம்பியின் குரல் இறங்கிக் கிடந்தது. "டெஸ்ட் ஃபெயில் அக்கா. இந்த விலைக்கு இந்த வாடகை பத்தாது. வீட்டு விலை கொஞ்சம் இறங்கினா, கடன் குறையும், பாஸ் ஆகலாம். ஆனா விக்கறவர் எதுக்கு இறங்கப் போறாரு?"

அன்றிரவு வேலிக்கு மேலால் வசந்தி அக்கா ஒரு கிண்ணம் இறால் கறி நீட்டினார். அவர் கண்கள் வீங்கியிருந்தன. "எல்லாம் எங்களாலை வந்தது பிள்ளை. நீங்களாவது வேறை வீடு பாருங்கோ." கோபத்தோடு வாங்கிக் கோபத்தோடு சாப்பிட்டேன். கறி நன்றாகத்தான் இருந்தது.

சாப்பிட்டு முடித்து அந்தக் கடிதத்தைத் திரும்ப எடுத்து வாசித்தேன். பூஞ்சை. மூடாத யன்னல். சூடேறாத அறைகள். ஈரச் சுவர். எனக்கு மெல்ல மெல்ல வேறொரு கோபம் வந்தது. வாளியையும் எலியையும் விட்டால் எல்லாம் உண்மை! ஏழு வருடமாகக் கிழவரிடம் நாங்கள் சொல்லிச் சொல்லி வாய் நொந்த குறைகள். நாங்கள் சொன்னபோது ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை. ராசன் அண்ணை ஒருமுறை இருமியதும் கடிதமாக வந்துவிட்டது.

மறுநாள் லீவு போட்டுவிட்டு ஏஜன்டின் அலுவலகத்துக்குப் போனேன். கடிதத்தை அவர் மேசையில் வைத்தேன்.

"இதில் கூரை ஒழுக்கு என்று இருப்பது பொய். எலியும் பொய். அதை நீங்களே வெட்டிவிடுங்கள். மற்றது எல்லாம் உண்மை, வந்து தொட்டுப் பாருங்கள்," என்றேன். "நீங்கள் யாருக்கு விற்றாலும் அவர் வாடகைக்கு விடத்தான் வாங்குவார். இந்த வீட்டுக்கு என்ன வாடகை வரும் என்று அவருடைய வங்கியும் கேட்கும். எனக்கு வைத்த டெஸ்டை அவருக்கும் வைக்கும். எனக்குப் போதாத வாடகை அவருக்கு மட்டும் போதுமா?"

இடித்துக் கட்டுகிறவர் யாராவது வருவார் என்றார் ஏஜன்ட்.

"இவ்வளவு நாளில் வந்தாரா?"

அவர் கடிதத்தையே திரும்பத் திரும்பப் பார்த்தார். மீன்காரர் தராசைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தேன். வாசல்வரை போகவில்லை, "ஒரு நிமிடம்" என்றார்.

கிழவர் இறங்கினார். நாங்கள் கேட்ட அளவுக்கு இல்லை, ஆனால் இறங்கினார். கார்த்திக் புதிய விலையை வைத்து மறுபடி கணக்குப் போட்டார். அதே குறைந்த வாடகை, அதே முக்கால் பங்கு, கடன் மட்டும் சிறியது. மயிரிழையில் பாஸ். "அக்கா, நான் இந்தத் தொழில்ல இப்படி ஒரு கேஸ் பார்த்ததே இல்ல," என்றார். நான் இன்னொரு தோசைக்குச் சொன்னேன்.

வீடு எங்களுடையதானதும் முதல் வேலையாக இரண்டு பாதிகளுக்கும் ஹீட்டர் போட்டு, யன்னல்களை மாற்றி, ஈரத்தைப் போக்கினோம். இப்போது நல்ல வீடு. ஆனால் வாடகை? அண்ணை தருவது, மதிப்பிட்ட பெண்மணி எழுதிய அதே தொகைதான். அன்று அண்ணை உத்தரவைத்தான் நிறைவேற்றினாரா, இல்லை, கூடிய வாடகை தலையில் விழும் என்று தன் கணக்கையும் சேர்த்து இருமினாரா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம். கேட்டால், "நீர் சொன்னதைத்தானே செய்தனான் தங்கச்சி," என்பார். வசந்தி அக்கா மட்டும் வேறு பக்கம் திரும்பிச் சிரிப்பார்.

ஷெரின் வளர்ந்துவிட்டாள், ஆனால் திருந்தவில்லை. எங்கள் வீட்டு மணி அடித்தால் கதவைத் திறக்க முன் சத்தமாகக் கேட்பாள்: "அம்மா, குட் ஹவுஸா, பேட் ஹவுஸா?" எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோரும் இப்போது இதைச் சொல்கிறார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னாலேயே ஒரு வீட்டில் கேட்டுவிட்டார்களாம்.

போன மாதம் வீட்டை ஆசீர்வதிக்க ஃபாதர் வந்தார். மணி அடித்தது. ஷெரின் கேட்டாள். நான் "குட் ஹவுஸ்!" என்று கத்தினேன். சுவருக்கு அந்தப் பக்கம் ராசன் அண்ணை அதே பழைய இருமலைத் தொடங்கினார்.

ஃபாதர் செபப் புத்தகத்தை மூடிவிட்டுக் கவலையோடு கேட்டார். "பக்கத்து வீட்டுக்காரருக்குச் சுகமில்லையோ?"

"நல்ல சுகம் ஃபாதர்," என்றேன். "வாற மாதம் வாடகை கூட்டிறதெண்டு நேற்றுத்தான் சொன்னனான்."