கைராசி கணேஷ்ராமும் ஏழாவது பிளாப்பியும்

தச்சநல்லூர் கணேஷ்ராமின் ஆள்காட்டி விரலுக்குத் தங்கக் கவசம் செய்து போடவில்லை, அவ்வளவுதான். மற்ற மரியாதையெல்லாம் அதற்குக் கிடைத்துக்கொண்டிருந்தது. அந்த விரல் என்டர் தட்டினால்தான் கம்ப்யூட்டரில் புது மென்பொருள் ஏறும் என்று தொண்ணூற்றாறில் திருநெல்வேலியே நம்பியது. நம்பியவர்கள் யாரும் கைநாட்டு இல்லை. பி.காம்., பி.எஸ்சி., இரண்டு பேர் பொறியாளர்கள். அவர் கடை வாசலில் பக்தர்கள் கழற்றிப் போட்ட செருப்பைத் தாண்டி ஒரு சைக்கிள் போக முடியாது.

புது மென்பொருள் ஏழு பிளாப்பியில், உள்ளங்கையளவு சதுரத் தகடுகளில், வரும். அதை விற்பவரும் கணேஷ்ராம்தான். வாங்கிப் போனவர் கறுப்புத் திரையில் 'இன்ஸ்டால்' என்று கட்டளை அடித்து, ஒவ்வொரு பிளாப்பியாக மாற்றிச் செருகி என்டர் தட்டுவார். ஆறு வரைக்கும் சமர்த்தாக ஏறும். ஏழாவதில், படிக்க முடியவில்லை என்று நின்றுவிடும். அதற்குள் பழைய பதிப்பு அழிந்திருக்கும். உள்ளதும் போச்சு. உடனே கணேஷ்ராமுக்கு ஆள் போகும். அவர் வந்து ஒரு தட்டுத் தட்டினால் ஏறிவிடும். இதற்குப் பெயர் கைராசி. விஞ்ஞானம் வளரும்போது ராசி மட்டும் வளராதா என்ன?

சேரன்மகாதேவியில் அச்சகம் வைத்திருந்த அருணாசலத்துக்கும் ஏழாவதில் நின்றது. ஆவணி முகூர்த்தம் நெருங்கிவிட்டது. ஒரு கல்யாணப் பத்திரிகைகூட அடிக்க முடியவில்லை. கணேஷ்ராம் வந்தார். அவரைப் பார்க்கத் தெருவே வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அச்சகத்துக்குள் வந்தது.

"இதுல என்டர் தட்டுனது யாருவே?" என்றார் கணேஷ்ராம்.

"விஜயஸ்ரீ. நம்மகிட்ட டைப் அடிக்கிற பிள்ளை."

கணேஷ்ராம் அவளுடைய வெறும் நெற்றியைப் பார்த்தார். "புருசன் இல்லையோ?"

"போன வருசம் தவறிட்டாரு."

"பெறவு எப்படிவே ஏறும்? கல்யாணப் பத்திரிகை அடிக்கிற மிசின்ல தாலியறுத்தவ கை படலாமா? மொதல்ல அவளை வெளிய நிக்கச் சொல்லும்."

அருணாசலம் அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "வெளிய நில்லு தாயி. நாளையில இருந்து வரவும் வேண்டாம்."

அந்தச் சம்பளத்தில்தான் விஜயஸ்ரீயும் அவள் மகளும் சாப்பிட்டார்கள். புருசனை விழுங்கியவள் என்ற பட்டம் ஏற்கெனவே இருந்தது. இப்போது கம்ப்யூட்டரையும் விழுங்கியாயிற்று. அவள் வெளியே போய் ஜன்னலோரம் நின்றாள்.

உள்ளே கற்பூரம் எரிந்தது. "எல்லாரும் கண்ணை மூடி அவங்கவங்க குலசாமியை நினைச்சுக்கிடுங்க. நான் சொல்லுத வரைக்கும் தெறக்கப்படாது," என்றார் கணேஷ்ராம்.

மூடினார்கள். கூட்டத்தில் இருந்த பொறியாளர்கள் கொஞ்சம் இறுக்கமாகவே மூடினார்கள். என்டர் தட்டும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தால் ஏறிவிட்டது. ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அண்ணாச்சி," என்று ஜன்னலில் இருந்து விஜயஸ்ரீயின் குரல் வந்தது. "அவரு சட்டைப் பையில வச்சிருக்கிறது நம்ம ஏழாம் பிளாப்பில்லா? இப்ப மிசின்ல இருக்கிறது அவரு கொண்டாந்தது."

எல்லாரும் பையைப் பார்த்தார்கள். சதுரமாகப் புடைத்துக்கொண்டிருந்தது.

கணேஷ்ராம் அசரவில்லை. "அதுலதான் தோஷத்தை எறக்கியிருக்கேன். ஆத்துல விடணும்."

மகள் கல்யாணப் பத்திரிகைக்காக வந்து காத்திருந்த தையல்கடை ஜுபைதா பீவிக்குப் பொறுமை போய்விட்டது. "ராசி உங்க விரல்லதான இருக்கு? பையில இருக்கிறதைப் போட்டு நீங்க தட்டுங்க. மிசின்ல இருக்கிறதைப் போட்டு இந்தப் பிள்ளை தட்டட்டும். பாத்துருவோம்."

"அதான! பாத்துருவோம்," என்றது கூட்டம். கூட்டத்துக்கு வேடிக்கை வேண்டும், மாட்டுவது யாராக இருந்தால் என்ன?

முதலிலிருந்து ஏற்றினார்கள். ஏழாவது வந்தது. கணேஷ்ராம் பையிலிருந்ததைச் செருகி ராசி விரலால் தட்டினார். படிக்க முடியவில்லை. விரலை வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடியும் தட்டினார். படிக்க முடியவில்லை.

"ராகுகாலம் பொறந்துட்டு," என்றார்.

விஜயஸ்ரீ உள்ளே வந்தாள். மற்ற பிளாப்பியைச் செருகி, அதே ராகுகாலத்தில், அதே தாலியறுத்த கையால் தட்டினாள். ஏறிவிட்டது.

"கெட்டுப்போனதை வித்துட்டு, நல்லதைக் கையோட கொண்டாந்து மாத்துதாரு," என்றாள். "நீங்க எல்லாரும் கண்ணை மூடிட்டீங்க. என்னைய யாரும் மூடச் சொல்லலையே."

கணேஷ்ராம் வாசலில் செருப்பைத் தேடினார். அத்தனை செருப்பில் தன்னுடையது அகப்படாமல் வெறுங்காலோடு நடந்தார்.

அருணாசலம் தொண்டையைச் செருமினார். "மனசுல வச்சுக்கிடாத தாயி. நாளைக்கு வந்துரு. ஆனா, பீவி மக பத்திரிகையை மட்டும் நானே அடிச்சிருதேன். மொத பத்திரிகை பாத்துக்கோ..."

"எம் மவ பத்திரிகையை இந்தப் பிள்ளை அடிச்சாத்தான் எனக்கு வேணும்," என்றார் ஜுபைதா பீவி. "இல்லாட்டி வேற கடை பாக்கேன்."

அருணாசலம் நாற்காலியை விட்டு எழுந்தார். விஜயஸ்ரீ உட்கார்ந்தாள்.

கம்ப்யூட்டரில் புதுப் பதிப்பு ஏற ஏழு பிளாப்பி போதும். அருணாசலத்துக்கு எத்தனை வேண்டுமோ! ஐயா, கும்பிடாமல் இருக்க முடியாதென்றால் கும்பிட்டுக்கொள்ளுங்கள். ஒரு கண்ணையாவது திறந்து வையுங்கள்.